முதுகில் ஊசி, வயிற்றில் இட்லி

எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. டெல்லியில் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆண்கள் எழுந்து போய்விடுகிற காலம். அந்தச் சமயத்தில் என் வயிற்றில் இரண்டாவது குழந்தை இருந்தது. பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒருவர், தன்னுடைய ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

எனக்கும் ஆராய்ச்சிக்கும் வெகு தூரம். தருமபுரிப் பக்கத்தில் பிறந்து ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். திருப்பூரில் பனியன் மடித்தேன். பெங்களூரில் ஊதுபத்தி உருட்டினேன். லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்குப் போனேன். ஓர் ஊரில் கொஞ்ச காலம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அவருக்கும் அதே வியாதி. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

முதல் பிரசவம் பம்பாய்க்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. வலி எடுத்து மறுநாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. மூக்கின் மேல் எதையோ வைத்து அழுத்தினார்கள். கண் விழித்தபோது வயிற்றில் தையல் இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. பெண் குழந்தை என்றும், அழவே இல்லை என்றும், கொண்டுபோய் அடக்கம் செய்தாகிவிட்டது என்றும் பிறகு சொன்னார்கள். நான் தூங்கிய தூக்கத்துக்குள்ளேயே அவள் வந்து போய்விட்டாள். முகம் எப்படி இருந்தது என்று என் கணவரிடம் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "குழந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

அதன் பிறகு பம்பாயில் இருக்கப் பிடிக்கவில்லை. டெல்லிக்கு லோடு ஏற்றிக்கொண்டு வந்த வண்டியிலேயே நானும் வந்தேன். முனிர்காவில் ஓர் அறை கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே வீட்டுக்காரரின் எருமை கட்டியிருக்கும். பக்கத்து அறைகளில் வேலை தேடும் தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள். கணவர் கான்பூருக்கும் ஆக்ராவுக்கும் வண்டி ஓட்டினார். நான் ஆர்.கே.புரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த வீட்டுக்கார அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிக்காரர். கணவர் ஏதோ ஒரு மந்திரி ஆபீசில் குமாஸ்தா. டெல்லிக்கு வந்து பல வருஷமாகியும் அக்கா பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. பிள்ளைகள் ஹிந்தியில் பதில் சொன்னால் "தமிழ்ல சொல்லுலே" என்று முதுகில் ஒன்று வைப்பார். சமையலுக்கு ஆள் வைத்தாரே தவிர என்னைச் சமைக்க விடமாட்டார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் அவரே செய்வார். நான் பேச்சுத் துணைக்குத்தான் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது குழந்தை உண்டானதும் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனவரும் அக்காதான். வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறது, குழந்தையும் தலைமாறிக் கிடக்கிறது, அதனால் வலி வரும்வரை காத்திருக்கக்கூடாது, நாள் குறித்து ஆபரேஷன்தான் என்றார் அங்கே இருந்த பெரிய டாக்டரம்மா. அவர் சொல்லிவிட்டுப் போன பிறகு சின்ன உருவமாக, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டுமாக இன்னொருவர் வந்து, பரிசோதனைக்காக நான் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்தான் மயக்க மருந்து டாக்டர். பஞ்சாபிக்காரர்.

அவர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னது இதுதான். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பதற்கு இரண்டு விதமாக மருந்து கொடுக்கலாம். ஒன்றில் தாயை முழுக்கத் தூங்க வைப்பார்கள். இன்னொன்றில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள், தாய் விழித்திருப்பாள். இரண்டுமே வழக்கத்தில் இருப்பவைதான். குழந்தைக்கு எது நல்லது என்பதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்தவுடன் குழந்தை எப்படி அழுகிறது, என்ன நிறத்தில் இருக்கிறது, கை காலை மடக்குகிறதா என்று பார்த்து மார்க் போடுவார்களாம்.

நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"பொறந்த ஒடனே பரீட்சையா?" என்றார் அக்கா. "டெல்லிப் பிள்ளையளுக்கு இதுவும் ஒரு தலையெழுத்து."

"உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுது, டாக்டர்ஜி?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் அவர். "தெரிஞ்சா ஏன் இவ்வளவு கஷ்டப்படப் போறேன்?"

டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். அதனால் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

எனக்கு முதுகு ஊசியே போடுங்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். ஒட்டிய உறைகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன, ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போதுதான் ஓர் உறையைப் பிரிப்பார், உள்ளே எது எழுதியிருக்கிறதோ அதுதான். "நானே தேர்ந்தெடுத்தா என் ஆசை உள்ளே வந்துடும், பேட்டி. உன் ஆசையும் வந்துடும். அப்புறம் ஆராய்ச்சி எதுக்கு?" பேட்டி, அதாவது மகளே, என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

"சேரலைன்னா?"

"சேரலைன்னாலும் உன்னை நல்லாத்தான் பாத்துப்போம். ஆனா இங்கே வழக்கமா தூங்க வைக்கிறதுதான்."

அதைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டேன். சேராவிட்டால் கட்டாயம் தூக்கம். சேர்ந்தால் பாதி வாய்ப்பாவது உண்டு. இந்தத் தடவை நான் விழித்திருக்க வேண்டும். குழந்தை உயிரோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வருகிற நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

என் கணவரைக் கையெழுத்துப் போட வைப்பதுதான் பாடாக இருந்தது. "ஆபரேஷன்னா எந்த ஆபரேஷன்? நஸ்பந்தி ஏதும் சேத்து வச்சிருக்காங்களா?" என்று டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார். குடும்பக்கட்டுப்பாட்டுக்காக லாரி ஸ்டாண்டில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர். டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எல்லாப் புருஷன்மார்களும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். பொறுமையாகத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். என் கணவர் கையெழுத்தைத் தமிழில் போட்டுவிட்டு, ஆபரேஷன் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கான்பூர் போனார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது.

ஆஸ்பத்திரி குறித்த நாள், அக்கா வீட்டு நாள்காட்டியில் கார்த்திகை நட்சத்திரமாக அமைந்துவிட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்.கே.புரத்துக் குன்றின் மேல் இருக்கிற முருகனுக்கு அவர் எனக்காக ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். "நீ கார்த்திகை விரதம் இருந்து பெத்தா முருகனே பாத்துக்கிடுவான்" என்றார். எனக்குச் சாமி விஷயத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. ஆனால் அக்கா சொன்னால் மறுத்துப் பேசுகிற வழக்கமும் இல்லை.

முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சாயங்காலம் ஆயா ஒருத்தி கட்டில் கட்டிலாக வந்து, மறுநாள் ஆபரேஷன் உள்ளவர்களிடம், காலையில் ரொட்டி கிடையாது, சாதம் கிடையாது, ஒன்றும் கிடையாது என்று ஹிந்தியில் ஒப்பித்துவிட்டுப் போனாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டிலில் என்னோடு இன்னொரு பெண்ணும் இருந்தாள். தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தோம். அவள் புரளும்போதெல்லாம் நானும் புரண்டேன்.

காலையில் அக்கா வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பஸ் பிடித்திருந்தார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, கூடையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தார்.

"சாப்பிடக்கூடாதுன்னாங்கக்கா" என்றேன்.

"யாரு சொன்னா?"

"ஆயா. ரொட்டி, சோறு எதுவும் கூடாதாம்."

"சோறு எவ தந்தா ஒனக்கு? விரதத்து அன்னைக்கி நானே சோறு தருவேனா? இட்லி கொண்டாந்திருக்கேன்."

அக்கா சொன்னதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமும் அப்படித்தான். விரதம் என்றால் அரிசிச் சோறு உலையில் வைக்கக்கூடாது. பலகாரம் சாப்பிடலாம். காப்பி குடிக்கலாம். இட்லி சாப்பிட்டு யார் விரதமும் முறிந்ததில்லை. அது போக, இட்லி நோயாளிச் சாப்பாடு. காய்ச்சல் விட்டதும் எங்கள் ஊர் டாக்டரே முதலில் சொல்வது இரண்டு இட்லிதான். ஆஸ்பத்திரியில் இட்லி கூடாது என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பதே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேன்னுட்டு" என்றார் அக்கா. "ரஜாய்ப் போர்வையில சுத்தி வச்சேன். அவுக போத்திக்க ஒண்ணுமில்லாம சால்வையோட கிடந்தாவ. ஒரு மனுசன குளிர்ல போட்டுட்டு பொங்கவச்ச மாவுட்டி. தின்னு."

அதற்குப் பிறகு தின்னாமல் இருக்க முடியுமா? மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து இட்லியின் மேல் தடவியிருந்தார். சாப்பிட்டேன். பிளாஸ்கில் இருந்த காப்பியையும் குடித்தேன். பக்கத்தில் இருந்த பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வாடையில் அவளுக்கு இருமல் வந்தது.

டப்பாவைக் கழுவி வைப்பதற்குள் இடுப்பில் வலி பிடித்தது. சாப்பாட்டு வலியாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. விட்டு விட்டு வந்தது, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கெட்டியாக. நர்சைக் கூப்பிட்டார்கள், நர்ஸ் பெரிய டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய தையல் தாங்காது, வரிசையில் காத்திருக்க வேண்டாம், இவளை முதலில் உள்ளே கொண்டுபோங்கள் என்றார்.

தள்ளுவண்டியில் போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பம்பாயிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. அக்காவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே மயக்க மருந்து டாக்டரம்மா இருந்தார். இப்போது ஸ்வெட்டர் இல்லை, பச்சை அங்கி. அவரோடு கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "குச் காயா? ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"நஹி. விரத் ஹை" என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் சோற்றைக் கேட்கிறார் என்று நினைத்தேன், விரதம்தான் இருந்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆபரேஷன் அன்னிக்குமா? பஹுத் அச்சா. தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டே" என்று அவரே முடித்துக்கொண்டார். பஞ்சாபிப் பெண்கள் புருஷனுக்காக இருக்கும் விரதத்தில் நிலா தெரியும்வரை பச்சைத்தண்ணீர் படக்கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவருக்கு விரதம் என்றால் அது.

உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த சீட்டை இளம் டாக்டரிடம் காட்டினார். நான் டாக்டரம்மா வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூக்கம்" என்றார்.

எனக்கு வலிகூட ஒரு நிமிஷம் நின்றுபோன மாதிரி இருந்தது. "வேண்டாம் டாக்டர்ஜி. ஊசி போடுங்க" என்றேன்.

"பேசினோமே, பேட்டி. நீதானே சரின்னே?"

"சரின்னேன். இப்ப பயமா இருக்கு."

"பயப்படாதே. இதுல பயப்பட ஒண்ணுமில்ல." அவர் என் தலையைத் தடவினார். என்னை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் தூங்க வைப்பதைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். கையில் மருந்து ஏறும், உடனே தூக்கம் வரும், தொண்டையில் குழாய் வைத்து மூச்சுக் கொடுப்பார்கள். "ஒரே ஒரு ஆபத்துதான். வயித்துல சாப்பாடு இருந்தா, தூக்கத்துல அது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். நெஞ்சு வெந்துபோகும். ஆள் போயிடலாம். அதான் எல்லார்கிட்டயும் கேக்கறோம். உனக்கு அந்தக் கவலையே இல்ல, நீ விரதம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் சாப்பிடக்கூடாது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"டாக்டர்ஜி, நான் காலையில இட்லி சாப்பிட்டேன்" என்றேன்.

அவர் கை என் தலையில் அப்படியே நின்றது. இளம் டாக்டர் சிரித்தார். "இப்ப ஞாபகம் வந்துச்சா? சீட்டைப் பிரிச்சதுக்கு அப்புறம்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கண்ணையே பார்த்தார். "இப்பத்தானே விரதம்னு சொன்னே?"

"விரதம்தான். ஆனா இட்லி சாப்பிட்டேன்."

"ரெண்டும் எப்படி நடக்கும்?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. என் ஹிந்தி காய்கறிக் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. நடுவில் வலி வேறு வந்து வாயை அடைத்தது. ஊசிக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று அவர்கள் நினைப்பது தெரிந்தது. நினைத்தது நியாயம்தான். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டு என்னைத் தூங்க வைத்தால் நான் எழுந்திருக்கப் போவதில்லை. வயிற்றில் அக்காவின் இட்லி கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வெளியே அக்கா இருக்காங்க. கேளுங்க" என்றேன்.

பெரிய டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, "ஜல்தி. எனக்கு நேரமில்ல" என்றார்.

கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். டாக்டரம்மா அவரிடம் ஹிந்தியில், "இந்தப் பொண்ணு காலையில ஏதாவது சாப்பிட்டாளா?" என்றார்.

அக்கா நிமிர்ந்து நின்றுகொண்டார். "நஹி ஜி" என்றார். "ஒண்ணும் சாப்பிடல. சுத்தமான விரதம். முருகன் மேல ஆணை."

இளம் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை. டாக்டரம்மா பெருமூச்சு விட்டு மருந்து மேஜைப் பக்கம் திரும்பினார்.

நான் தமிழில் கத்தினேன். "அக்கா, இட்லி குடுத்தீங்கல்ல?"

"குடுத்தேன். அதுக்கென்ன இப்போ?" அக்காவுக்கு மானப்பிரச்சினையாகிவிட்டது. "இட்லி தின்னா விரதம் போயிருமா? ஒன்ன யாரும் சோறு தின்னேன்னு சொன்னாவளா? எவ சொன்னா? இட்லிதான தந்தேன், இட்லி!"

டாக்டரம்மா திரும்பினார். அக்கா பேசியதில் அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். இட்லியை டெல்லியில் எல்லாருக்கும் தெரியும்.

"இட்லி?" என்றார். "இட்லி கிலாயி? இட்லி ஊட்டினீங்களா?"

"ஹான் ஜி" என்றார் அக்கா, கொஞ்சமும் தயங்காமல். "விரத் கா இட்லி. காப்பி பீ." காப்பியும்தான் என்று சேர்த்துக்கொண்டார், உபசாரத்தில் குறை இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று.

பெரிய டாக்டரம்மா முகமூடிக்குள் சிரித்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது. "இவங்க விரதத்தை நாமளும் எடுத்துக்கலாம் போலிருக்கே" என்றார்.

மயக்க மருந்து டாக்டரம்மா அந்தச் சீட்டை உறைக்குள் திரும்பப் போட்டு இளம் டாக்டரிடம் கொடுத்தார். "இவளை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடு. வலி வந்துடுச்சு, தள்ளிப்போட முடியாது. வயிறு நிறைஞ்சிருக்கு, தூங்க வைக்கக்கூடாது. முதுகுலதான் போடணும்." என்னிடம் குனிந்து, "உக்காரு பேட்டி. பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை வளை" என்றார்.

ஊசி குத்தியது வலித்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் நான் அனுபவித்த வலிகளோடு ஒப்பிட்டால் அது எறும்பு. படுக்க வைத்தார்கள். வலது இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த துணியைச் செருகி என்னைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்தார்கள். பாதத்தில் வெந்நீர் ஊற்றிய மாதிரி சூடு ஏறியது. பிறகு கால் கனத்தது. பிறகு கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இடுப்பு வலி, யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போன மாதிரி நின்றது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சுகங்களில் அதற்கு நிகர் குறைவு.

மார்புக்கு மேலே ஒரு துணியைத் திரையாகக் கட்டினார்கள். டாக்டரம்மா என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் கட்டிய பட்டையை அமுக்கி அமுக்கி ரத்த அழுத்தம் பார்த்தார். திடீரென்று எனக்குக் கண் இருட்டியது. காது அடைத்தது. "குமட்டுது" என்றேன். அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த பாட்டில் தண்ணீரை வேகமாக ஏற்றச் சொல்லி, என் தலையைத் திருப்பி வாய்க்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்தார். காலையில் உள்ளே போனது வெளியே வந்தது.

இளம் டாக்டர் எட்டிப் பார்த்து, "கூன்! ரத்தம்!" என்றார். குரலே மாறிவிட்டது.

"இல்ல" என்றேன் நான், வாயைத் துடைத்துக்கொண்டு. "மிளகாய்ப் பொடி."

டாக்டரம்மா தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சிவப்பு எண்ணெயில் இட்லி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. "இதோ, விரதம்" என்று அவரிடம் நீட்டினார். "தூக்கத்துல இது வந்திருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லு." டாக்டரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியில் கையை வைத்தார். கை ஜில்லென்று இருந்தது.

மருந்து ஏறி அழுத்தம் சரியானதும் கண் தெளிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மாவு பிசைவது போல இருந்தது. வலி இல்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. பெரிய டாக்டரம்மா கத்தரிக்காய் விலை பற்றி நர்சிடம் பேசிக்கொண்டிருந்தார். அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. ஆபத்து என்றால் யாரும் கத்தரிக்காய் பேசமாட்டார்கள்.

பேச்சு நின்றது. இழுப்பு பலமாயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகும் சத்தம் இல்லை. டாக்டரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன், அவர் திரைக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அழாவிட்டாலும் முகத்தைக் காட்டுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அழுதாள். முதலில் தும்மல் மாதிரி ஒன்று, பிறகு வாய் நிறைய ஆத்திரம். தலைகீழாகப் பிடித்துத் திரைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். உடம்பெல்லாம் மாவு பூசியது போல வெள்ளை. தலையில் எதிர்பார்த்ததைவிட அதிக முடி. மூக்கு என் கணவருடையது, பாவம். வலது காதின் ஓரம் மடங்கி இருந்தது. கைவிரலை விரித்து எதையோ பிடிக்கத் தேடினாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்கள் போதும் என்று எடுத்துக்கொண்டு போகும்வரை பார்த்தேன்.

"பெண்" என்றார் டாக்டரம்மா.

"பாத்தேன்" என்றேன்.

இளம் டாக்டர் பழக்கதோஷத்தில் குழந்தைக்கு மார்க் போட்டிருந்தார். நல்ல மார்க்தான் என்றார். ஆனால் அதை எழுதி வைக்க இடமில்லை, நான் ஆராய்ச்சிக்கு வெளியே.

அதற்குப் பிறகு என்னைத் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தலையைத் தூக்கினால் தலைவலி வரும் என்று கண்டிப்பு. அன்றைக்குக் கட்டில் முழுக்க எனக்கே கிடைத்தது, பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தையோடு. அக்கா வந்து குழந்தைக்கு நெற்றியில் துளி திருநீறு வைத்தார். வாந்தி எடுத்ததைச் சொன்னேன், அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து. அவர் யோசித்தார்.

"உள்ள போனதும் வெளிய வந்துட்டுல்லா?" என்றார். "அப்ப முழு விரதமாத்தான் ஆச்சு. பட்டினி விரதம். முருகன் கணக்குத் தப்பாது."

மத்தியானத்துக்கு மேல் டாக்டரம்மா வந்து பழையபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ என் கணக்குல இல்ல. ஆனாலும் சொல்லு, எப்படி இருந்தது?" என்று கேட்டார். சூடு ஏறியது, கால் காணாமல் போனது, குமட்டியது, இழுத்தது, எல்லாம் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். விழித்திருந்ததில் பயமாக இல்லையா என்று கேட்டார். தூங்கியிருந்தால்தான் பயம் என்றேன். பம்பாய் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தாலும் உறையில் இருந்தது மாறியிருக்காதே என்றேன். அவர், "மாறியிருக்காது. ஆனா உன்னைச் சேத்திருக்க மாட்டேன்" என்றார். எழுந்து போகும்போது அடுத்த கட்டில் பெண்ணிடம், மறுநாள் ஆபரேஷனாம் அவளுக்கு, ஏன் சாப்பிடக்கூடாது என்று முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கடைசியில், "ரொட்டி, பால், சாய், இட்லி எதுவும் கூடாது" என்றார். அவள் ஹரியானாக்காரி. "இட்லின்னா என்ன?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூங்கவில்லை. யாரோ பெரிய கல்லை எடுத்துவிட்ட மாதிரி உடம்பு லேசாக இருந்தும், கண்ணை மூடத் தைரியம் வரவில்லை. குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மூச்சு நின்றுவிட்டதோ என்று தோன்றும்போதெல்லாம் அவள் கன்னத்தைத் தொடுவேன், அவள் முகம் சுளிப்பாள், நான் சமாதானமாவேன். அவளையும் தூங்க விடவில்லை.

சொன்னபடி சாயங்காலத்துக்குள் என் கணவர் வந்துவிட்டார். சட்டையெல்லாம் டீசல் வாடை. கட்டிலுக்கு அருகில் வராமல் தள்ளியே நின்று, குழந்தையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும்.

"கிட்ட வாங்க. நல்லா இருக்கா" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அழுதாளா?" என்றார்.

"ஆஸ்பத்திரியே இடிஞ்சு விழற மாதிரி அழுதா. நான் கேட்டேன்."

"நீ முழிச்சிருந்தியா?"

"இருந்தேன்." கால் மரத்ததிலிருந்து கத்தரிக்காய் வரைக்கும் சொன்னேன். இட்லிக் கதைக்கு அவர் சிரிக்கவில்லை, முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "மொளகாப் பொடியா?" என்று கேட்டுவிட்டு அடக்க முடியாமல் சிரித்தார். சிரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆயா வந்து, ஆண்கள் வெளியே போக வேண்டும், நேரமாகிவிட்டது என்று விரட்டினாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும், பெஹன்ஜி" என்றேன். "நான் காலையிலேர்ந்து தூங்கல. இவர் குழந்தையப் பாத்துக்கட்டும்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். கீழே உட்காரச் சொன்னேன் அவரை. உட்கார்ந்து, குழந்தையின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்.

நான் தூங்கினேன். எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம் என்று அவர் பிற்பாடு சொன்னார். ஆயா இரண்டாவது முறை வந்து விரட்டியதும், குழந்தை பசியில் கத்தியதும் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவளைத் தூக்கி என் மார்மேல் போட்ட பிறகுதான் விழித்தேனாம்.